தாராக்காரருக்கு ஒரு கதிரை

கோலியர்ஸ் வுட், லண்டன்
11-09-1994

அன்புள்ள மெற்றில்டா அக்காவுக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் மனைவி டொலறசும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்களையும் அத்தானையும் மாதா தன் கைக்குள் வைத்திருக்கட்டும். உங்கள் முழங்கால் வலி எப்படி? போன முறை அனுப்பிய எண்ணெய் கைக்குக் கிடைத்ததா?

ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். பனிக்காலத்தில் தேம்ஸ் ஆறு கடலில் சேரும் சதுப்புக்குப் போய், துவக்கால் காட்டு வாத்தை, நம் பேச்சில் காட்டுத் தாராவை, சுடுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடமாகிறது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர்தான் முதலில் கூட்டிப் போனார். அவர் குளிர் தாங்காமல் விட்டுவிட்டார், நான் விடவில்லை. எங்கள் கழகத்தில் நாற்பத்தைந்து பேர். துறைமுகத் தொழிலாளிகள், பஸ் சாரதிகள், மேசன்மார். தமிழன் நான் ஒருவன்தான். கடிதம் எழுத அவர்களில் ஒருவருக்கும் பொறுமை இல்லாததால் ஆறு வருடமாக நானே செயலாளர்.

நாட்டிலுள்ள வேட்டைக்காரர் எல்லாருக்கும் சேர்த்துத் தேசிய வேட்டையாளர் ஒன்றியம் என்று ஒரு பெரிய சங்கம் உண்டு. லண்டன் விக்டோரியாவில் தலைமைக் கந்தோர். அதன் ஆட்சிக்குழுவில் இருபத்தொரு பேருக்கு இருபத்தொரு கதிரை. பாதிப்பேர் சொந்தக் காணிகளில் ஃபெசன்ட் பறவைகளை வளர்த்துப் பறக்கவிட்டுச் சுடுகிற பெரிய மனிதர்கள். இடுப்பளவு சேற்றில் நிற்கிற எங்களுக்கு மூன்றே மூன்று கதிரை. அதில் ஒன்றுக்குத் தென்கிழக்குக் கரையின் ஒன்பது கழகங்களும் சேர்ந்து என்னை ஒரு வருடத்துக்குத் தெரிவு செய்திருக்கின்றன!

என் பெயரை முன்மொழிந்தவர் எங்கள் கழகத் தலைவர் பெர்ட் டில்லி. பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "இவன் கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டமாட்டான். அந்தப் பெரிய ஆக்களுக்கு இவன்தான் சரி."

அத்தானுக்குச் சொல்லுங்கள். மீனவர் சங்கத் தலைவரான அவருடைய மச்சானும் இப்போது ஒரு பிரதிநிதி. வழக்கம் போல உங்கள் கடிதத்தின் அடியில் அவரையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
சூசைதாசன்


பேசாலை, மன்னார்
29-10-1994

அன்புத் தம்பி சூசைக்கு,

உன் கடிதம் ஐந்து கிழமை நடந்து வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். முழங்கால் பரவாயில்லை. எண்ணெய் கிடைத்தது, பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

முதலில் உன்னைத் திட்ட வேண்டும். உனக்கு மூளை உண்டா? ஒரே கடிதத்தில் துவக்கு என்றும் சுடுகிறவன் என்றும் எழுதியிருக்கிறாய். எங்களுக்கு வருகிற கடிதங்களை எங்களுக்கு முன்னரே வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடித உறை திறந்துதான் வந்தது. நல்ல காலம், வாசித்தவருக்குத் தமிழ் மட்டுமட்டுப் போலிருக்கிறது. இனிமேல் அந்தச் சாமானுக்குக் குடை என்று எழுது. தோட்டாவுக்குப் பொட்டலம். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ஈயச் சன்னங்களுக்குப் பயறு. இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற எங்கள் பங்குச் சுவாமியாரிடம் கொடுத்துவிடுவதால் துணிந்து எழுதுகிறேன்.

திட்டியாயிற்று. இனிச் சந்தோசம். உன்னை நம்பி ஒன்பது கழகம் அனுப்புகிறது என்றால் சின்ன விசயம் இல்லை. ஒன்று கேட்கிறேன். உன்னை அனுப்பியவர்கள் எல்லாரையும் நீ கண்டிருக்கிறாயா? அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாயால் கேட்டாயா, அல்லது உனக்கே தெரியும் என்று நினைக்கிறாயா?

அத்தான் இப்போது பக்கத்தில் இல்லை. சுவாமியார் புறப்படப் போகிறார், அதனால் இதோடு முடிக்கிறேன். டொலறசுக்கு என் அன்பு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் அக்கா,
மெற்றில்டா


கோலியர்ஸ் வுட், லண்டன்
27-11-1994

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வீட்டிலும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டு வந்து எழுதுகிறேன். இனிக் குடைதான். வாக்குத் தருகிறேன்.

போன புதன்கிழமை என் முதல் ஆட்சிக்குழுக் கூட்டம். நீளமான மேசை, சுவரெல்லாம் மான் தலைகள். தலைவர் ஓய்வு பெற்ற ஒரு மேஜர். கூட்டம் தொடங்குமுன் என்னிடம் வந்து, என் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டு, பிழை இல்லாமல் வரும்வரை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிறகு கூட்டம் முழுக்க, "சூசைதாசன் இதை விளங்கிக்கொள்வார்", "சூசைதாசன் இதற்கு ஒத்துழைப்பார்" என்றே பேசினார். எதற்காகப் பழகினார் என்று அப்போது விளங்கியது.

விசயம் இதுதான். குடையிலிருந்து எறிந்த ஈயப் பயறு சேற்றில் விழுந்து கிடக்கிறது. தாரா, இரையை அரைப்பதற்காகச் சின்னக் கல் பொறுக்கி விழுங்கும். கல் என்று நினைத்து ஈயத்தையும் விழுங்கி, நஞ்சேறி மெலிந்து சாகிறது. ஆகவே நீர் உள்ள இடங்களில் ஈயத்தை நிறுத்த வேண்டும் என்று அமைச்சு யோசிக்கிறது. மேஜரின் திட்டம் என்னவென்றால், கடலோரச் சதுப்பில் மட்டும் ஈயத்தை விட்டுவிடுவோம் என்று ஒன்றியமே முந்திக்கொண்டு சொல்வது. அமைச்சு அதோடு திருப்திப்படும், உள்நாட்டில் பெரிய காணிகளைத் தொடாது. சதுப்பு எங்களுடையது, காணி அவர்களுடையது. ஈயத்துக்குப் பதில் இரும்புப் பயறு போட வேண்டும். அது கடினம், பழைய குடைகளின் குழாய் தாங்குமோ தெரியாது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தகப்பனின் குடையைத்தான் வைத்திருக்கிறார்கள். பெர்ட் டில்லியின் குடை 1928 இல் செய்தது.

நான் எழும்பிச் சொன்னேன்: "எங்கட ஆக்களைக் கேக்காமல் எங்கட கரையைக் குடுக்க ஏலாது." இப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். விசயம் ஆனி மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. கழகங்களில் எனக்கு ஒரே புகழ். பெர்ட் தொலைபேசியில் கத்தினார்.

ஆனால் அக்கா, உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அமைச்சு சொல்வது உண்மை. இரண்டு பருவமாக, நண்பர்கள் தந்த தாராக்களின் இரைப்பையை எங்கள் குசினி மேசையில் வைத்துத் திறந்து பார்த்து வருகிறேன். டொலறஸ் என்னோடு பேசாமல் விட்ட நாட்களும் உண்டு. அறுபத்துநான்கு தாராவில் பதினொன்றின் வயிற்றுக்குள் ஈயப் பயறு, உரசித் தேய்ந்து தட்டையாக. குடை எறிந்ததில் ஏறியது அல்ல, விழுங்கியது. பதினொன்றும் எலும்பும் தோலும். கழகத்தில் ஒருவருக்கும் இதை நான் சொல்லவில்லை. ஈயத்தை விடமாட்டோம் என்று சொல்லத்தானே என்னை அனுப்பியிருக்கிறார்கள்?

அத்தான் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? கோபமா?

அன்புத் தம்பி,
சூசைதாசன்


பேசாலை
14-01-1995

அன்புத் தம்பிக்கு,

புது வருடத்தில் உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. யுத்தநிறுத்தம் வந்த கையோடு உன் கடிதமும் வந்துவிட்டது. ஒழுங்காக மூடியும் வந்தது. கரையில் ஆட்கள் கொஞ்சம் சிரிக்கிறார்கள்.

நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், அதைக் கடற்படை முகாமில் கேட்டு எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் அதற்கென்று ஒரு ஆளை வைத்திருந்தார்கள். கெட்டவர் இல்லை. முகாமில் அதிகாரிக்குப் பிடித்த கதை, கரையில் சனத்துக்குப் பிடித்த கதை என்று இரண்டு கதை சொல்லிவந்தார். இரண்டு பக்கமும் அவரை மெச்சியது. ஒருநாள் அதிகாரியே கரைக்கு வந்து சனத்தோடு பேசினார். அவ்வளவுதான். இப்போது அவர் கடல் உப்பு என்று சொன்னாலும் நம்ப ஆள் இல்லை.

உனக்கு அந்தக் கதிரையைத் தந்தவர்களுக்கு முதலில் சொல். மேஜருக்குச் சொல்வதற்கு முன்னால், அமைச்சுக்குச் சொல்வதற்கு முன்னால். ஏசுவார்கள். ஏசட்டும். பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு ஏசுவதைவிட அது நல்லது.

அத்தானுக்கு உன்னில் என்ன கோபம்? உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மேஜர் உன் பெயரைப் பழகிய இடத்தில் சிரித்தார். இப்போது சாப்பிட்டுப் படுத்திருக்கிறார்.

நாளை விடிய எழும்ப வேண்டும். வேலை கிடக்கிறது.

அக்கா,
மெற்றில்டா


கோலியர்ஸ் வுட், லண்டன்
26-02-1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும். பருவம் போன திங்களோடு முடிந்தது. குடையைத் துடைத்து எண்ணெய் பூசிப் பூட்டி வைத்தாயிற்று.

சொல்லிவிட்டேன். நேற்றுப் பின்னேரம், ஆற்றங்கரை மண்டபம் ஒன்றில் ஒன்பது கழகங்களையும் கூட்டினேன். நூற்றிருபது பேர் வந்தார்கள். நாய்களும் வந்தன. பதினொரு சின்னப் போத்தல்களில் அந்தத் தேய்ந்த பயறுகளைப் போட்டு, எந்தத் தாரா, எந்த இடம், எந்தத் திகதி என்று ஒட்டி, மேசையில் வரிசையாக வைத்தேன். ஐந்து சதுப்பில் விழுந்தவை. ஆறு, பெரிய காணிகளில் பறவை கலைக்கக் கூலிக்குப் போன எங்கள் ஆட்களுக்கு அங்கே கொடுத்துவிட்டவை. அந்தக் காணிகளின் குளங்களில் விழுந்தவை.

வரிசையாக வந்து பார்த்தார்கள். பிறகு பெர்ட் எழும்பினார். முகம் சிவந்திருந்தது.

"உன்னை அங்க அனுப்பினது எங்கட பக்கம் கதைக்க. சாட்சி சொல்ல இல்லை."

"உங்கட பக்கம்தான் நிக்கிறன் பெர்ட். ஆனால் கண்டதைக் காணேல்லை எண்டு சொல்ல ஏலாது."

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"ரெண்டு பருவம்."

"ரெண்டு பருவம்! என்ரை வீட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு ரெண்டு பருவம் மறைச்சிருக்கிறாய்!"

ஈயத்தைவிட அதுதான் அவரைச் சுட்டது. இரண்டு மணித்தியாலம் கத்தினார்கள். கடைசியில் வாக்கெடுப்பு. எந்தத் தடையையும் எங்கள் பிரதிநிதி எதிர்க்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக எண்பத்தெட்டு, எதிராக இருபத்தேழு. தீர்மானத்தை எழுதிக் கையில் தந்தார்கள். ஆனிக் கூட்டத்தில் நான் அதை வாசிக்க வேண்டும்.

விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அத்தானிடமும் கேட்டு எழுதுங்கள். சங்கம் நடத்திய அனுபவம் அவருக்குத்தானே உண்டு. கெதியில் பதில் போடுங்கள்.

சூசைதாசன்


கோலியர்ஸ் வுட், லண்டன்
30-04-1995

அக்காவுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. யுத்தநிறுத்தம் முறிந்தது என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து எங்களுக்கு நிம்மதி இல்லை. நீங்கள் இருவரும் பத்திரமா என்று முதலில் ஒரு வரி போடுங்கள்.

இன்று ரூட்டிங் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என்னை மறித்தாள். பெயர் மேரிறோஸ். உங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவளாம், மாசியில் கணவனிடம் வந்தவளாம். "நீங்கள் மெற்றில்டா அக்காவின்ரை தம்பியோ? அவவை நான் வெளிக்கிடுற கிழமையும் முகாம் வாசல்ல கண்டனான். ஐம்பது அறுபது ஆம்பிளையள் பின்னால நிக்க, அவ முன்னால நிண்டு அதிகாரியோட கதைச்சுக்கொண்டு நிண்டவ" என்றாள்.

"அத்தான் எங்கே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதோ? போன ஆடியில பாரிசவாதம் வந்து விழுந்திட்டார். பேச்சு இல்லை. வலது கையும் இல்லை."

கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டொலறஸ்தான் பிடித்து எழுப்பினாள்.

ஆடி. நான் ஆட்சிக்குழுவுக்குத் தெரிவாகுமுன்னரே. அத்தான் பக்கத்தில் இல்லை என்றும், படுத்திருக்கிறார் என்றும் எனக்கு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். இரண்டு பருவம் மறைத்தாய் என்று பெர்ட் என்னிடம் கத்தியபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஏன் அக்கா?

தம்பி


பேசாலை
21-05-1995

என் அன்புத் தம்பி சூசைக்கு,

நாங்கள் பத்திரம். இதையும் சுவாமியார் கையில் கொடுத்துவிடுவதால் எல்லாம் எழுதுகிறேன். ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சித்திரையில் எழுதியதை முதலில் வாசித்தேன்.

மேரிறோஸ் சொன்னது எல்லாம் உண்மை. ஆடி பதினேழாம் திகதி காலை, வலையை வெயிலில் போட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். உயிர் தப்பியது. நான் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும். சிரிப்பார், கோபிப்பார், பேச மட்டும் ஏலாது. நான் எழுதியதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

உனக்கு எழுதாததற்கு ஒரு காரணம், நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். வழியில் காவலரணிலோ கொழும்பிலோ உன்னைப் பிடித்து வைத்திருந்தால் நான் யாரிடம் போவது? அது ஒரு காரணம்தான். மற்றதையும் சொல்கிறேன். அத்தான் விழுந்து இரண்டாம் கிழமை, பாஸ் புதுப்பிக்க யார் முகாமுக்குப் போவது என்று சங்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்திரங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனேன். அதிகாரி கரையிலிருந்து ஒரு மைலுக்கு, அதுதான் ஒரு கட்டைக்கு மேல் போகக்கூடாது என்றார். ஒரு கட்டைக்குள் என்ன மீன் கிடக்கு, நீங்களே வள்ளத்தில் ஏறி வந்து பாருங்கோ என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரித்தார், இரண்டு கட்டை தந்தார். அதற்குப் பிறகு என்னைத்தான் அனுப்புகிறார்கள். உனக்கு எழுதியிருந்தால் "ஐயோ அக்கா" என்று எழுதியிருப்பாய். அந்த ஐயோவைக் கேட்டால் எனக்குக் காலில் பலம் போயிருக்கும். அதுதான் உண்மை. மன்னித்துக்கொள்.

இனி உன் விசயம். விலகாதே. மாசியில் எங்கள் ஆட்கள், "வெடி போட்டு மீன் பிடிக்கிறவன் எங்கட ஊரில ஒருத்தனும் இல்லை எண்டு அதிகாரியிட்டச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். இரண்டு வள்ளம் வெடி போடுகிறது. எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் சொன்னேன்: "பாஸ் கேக்கிறன். நாள் முழுக்க நிண்டு கேக்கிறன். இந்தப் பொய்யை மட்டும் சொல்லமாட்டன். சொல்லக்கூடிய ஆள் வேணுமெண்டால் இப்பவே அனுப்புங்கோ." அரை மணித்தியாலம் குசுகுசுத்துவிட்டு என்னையே அனுப்பினார்கள். நீயும் போய் பெர்ட்டிடம் அப்படிச் சொல். எதை வாசிப்பாய், எதை உன் வாயால் சொல்வாய் என்று அவர் முகத்துக்கு நேரே, கூட்டத்துக்கு முன்னால் சொல். வேண்டாம் என்றால் அவர்களே வேறு ஆளைப் போடட்டும்.

இரண்டு பருவம் மறைத்ததற்கு மன்னிப்பும் கேள். நான் உன்னிடம் கேட்டது போல.

அக்கா,
மெற்றில்டா


கோலியர்ஸ் வுட், லண்டன்
25-06-1995

என் அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் உடம்பு தேறி வரவும், உங்கள் காலில் பலம் குறையாமல் இருக்கவும் வேண்டுகிறேன். "ஐயோ" என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? டொலறஸ் அத்தானுக்கு மருந்து வாங்கி மேரிறோசின் உறவினர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

நீங்கள் சொன்னபடி பெர்ட்டின் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். "கூட்டத்தில் தீர்மானத்தை எழுத்துப் பிசகாமல் வாசிப்பேன். கடைசி வாக்கில் நீங்கள் சொன்னபடியே தடைக்கு எதிராகக் கை தூக்குவேன். ஆனால் நான் கண்டதை என் பெயரில் சொல்வேன். தடை வந்துதான் தீரும் என்றால், சதுப்பு மட்டும் தலை கொடுக்காதபடி பார்ப்பேன். இது பிடிக்காவிட்டால் இப்போதே என்னை எடுத்துவிடுங்கள்" என்றேன். அவர், "போய்ச் சொல்லு. புரட்டாதித் தேர்தலில பாப்பம்" என்று கதவைச் சாத்தினார்.

புதன்கிழமை கூட்டம். வாசித்தேன். பிறகு பதினொரு போத்தலையும் மேசையில் வைத்துச் சொன்னேன். மேஜருக்கு முகமெல்லாம் ஒளி. "சூசைதாசனுக்கு நன்றி. சதுப்பின் பிரதிநிதியே ஒப்புக்கொள்கிறார். ஆகவே கடலோரத்தில் ஈயத்தை நிறுத்துவோம்" என்றார்.

நான் கதிரையில் உட்காரவில்லை. ஆறு போத்தலை எடுத்து மேசையின் மற்றப் பக்கத்துக்கு நகர்த்தினேன். "இந்த ஆறும் உங்கள் காணிகளின் குளங்களில் இருந்து வந்தவை. தாராவுக்கு யாருடைய தண்ணீர் என்று தெரியாது. நிறுத்துவதென்றால் தாரா மேய்கிற எல்லாத் தண்ணீரிலும், ஒரே நாளில் நிறுத்துங்கள். அதற்கு முன்னர் இரண்டு பருவம் அவகாசம் கொடுங்கள். பழைய குடைகள் இரும்பைத் தாங்குமா என்று ஒன்றியத்தின் செலவில் சோதித்துக் கொடுங்கள். இதை ஒரு திருத்தமாக முன்வைக்கிறேன்" என்றேன்.

மேஜர் தண்ணீர் குடித்தார். ஒரு போத்தலில் அவருடைய குளத்தின் பெயரே ஒட்டியிருந்தது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர் அதை எடுத்து வாசித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். போத்தல் மேசையைச் சுற்றி வந்தது. பெரிய காணி இல்லாத சின்ன வேட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அந்த மேசையில் இருக்கிறார்கள், இதுவரை வாய் திறந்ததில்லை. அவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். திருத்தம் பன்னிரண்டுக்கு ஒன்பதில் வென்றது.

பிறகு, திருத்தப்பட்ட தடை முழுவதற்கும் வாக்கு. கழகங்களுக்குக் கொடுத்த சொல்லின்படி எதிராகக் கை தூக்கினேன். என் கண்ணுக்கு முன்னால் நான் கட்டிய வீட்டுக்கு நானே கல் எறிவது போல இருந்தது. பதினொன்றுக்குப் பத்தில் தடை நிறைவேறியது. என் கை அந்தப் பத்தில் ஒன்று. இன்னொரு கை மாறியிருந்தால் எல்லாம் போயிருக்கும். வெளியே வந்து விக்டோரியா ஸ்டேசன் வாங்கில் உட்கார்ந்து ஒரு பணிஸ் தின்றேன்.

அன்புத் தம்பி,
சூசைதாசன்


கோலியர்ஸ் வுட், லண்டன்
10-09-1995

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அத்தான் இடக்கையால் கோப்பை பிடிக்கிறார் என்று மேரிறோசின் உறவினர் எழுதியதாகக் கேள்விப்பட்டு டொலறஸ் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

நேற்றுத் தேர்தல். தோற்றுவிட்டேன். பெர்ட் டில்லிக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்துநான்கு. மாசியில் என் பக்கம் இருபத்தேழு பேர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். முடிவை வாசித்தபோது பெர்ட் எழும்பிச் சொன்னார்: "இவன் எங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னவன். ஆனால் போறதுக்கு முதல் என்ரை வாசல்ல வந்து சொல்லிப்போட்டுப் போனவன். சொன்ன மாதிரியே கையையும் தூக்கினவன்." எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு அவருக்குத்தானே வாக்குப் போட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இன்று காலை எட்டு மணிக்குத் தொலைபேசி. பெர்ட். புதிய பிரதிநிதிக்கென்று ஒன்றியம் முன்கூட்டியே அனுப்பியிருந்த அறுபது பக்கப் பத்திரம் நேற்றே அவர் கைக்கு வந்ததாம். உள்நாட்டுக் குளங்களுக்குத் தடை பொருந்தாது என்று பதினேழாம் பக்கத்தில் ஒரு சின்ன வரியை மேஜர் நுழைத்திருக்கிறார் போல, சரியா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஈயத் தடையை எதிர்த்து வென்றவர், இப்போது அதைக் காக்கக் கத்துகிறார்! "எங்களை மட்டும் நிப்பாட்டிப்போட்டு அவங்கள் தப்பலாமோ?" என்கிறார். பத்திரம் நாளை என் வீட்டுக்கு வருகிறது. கதிரை அவருக்கு, வாசிப்பு எனக்கு. இது எனக்குப் போதும்.

உங்கள் சங்கத்திலும் இந்த மாதம் தெரிவு என்று எழுதினீர்கள். நில்லுங்கள், அக்கா. அத்தானின் பத்திரங்களைக் கொண்டுபோகிறவளாக இல்லை. உங்கள் பெயரில் நில்லுங்கள்.

தம்பி,
சூசைதாசன்


பேசாலை
08-10-1995

அன்புத் தம்பி சூசைக்கு,

நீயும் டொலறசும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். மருந்து வந்தது. இந்தக் கடிதமும் சுவாமியார் கையில்தான் வருகிறது. அத்தான் வாசல்வரை தடி பிடித்து நடக்கிறார்.

நின்றேன். எனக்கு எதிராக இருவர் நின்றார்கள். பொம்பிளை தலைவராய் இருந்த சங்கம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். போன வருடம் முழுக்க உங்கட பாஸை ஆர் எடுத்துத் தந்தது என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பு. அறுபத்துமூன்று வாக்கு எனக்கு, மற்ற இருவருக்கும் சேர்த்து ஐம்பத்தெட்டு. வெடி போடுகிற இரண்டு வள்ளத்துக்காரரும் எனக்கு எதிராகத்தான் போட்டிருப்பார்கள். போடட்டும், அவர்களுக்கும் சேர்த்துத்தான் பாஸ் கேட்கப் போகிறேன். வெடியை விட்டால் மட்டும் அவர்கள் பெயரை எழுதுவேன் என்று சபையில் சொல்லிவிட்டேன். ஒருவன் நேற்று வந்து விட்டுவிட்டதாகச் சொன்னான். மற்றவன் இன்னும் வரவில்லை.

உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன், தோற்ற இடம் உட்பட. எங்கள் செயலாளர் இந்தியாவுக்குப் போய்விட்டார். "உங்கட தம்பி தோத்துப்போனார்தானே, இஞ்ச வரச் சொல்லுங்கோ, செயலாளர் இடம் சும்மா கிடக்கு" என்றார்கள். அவனுக்கு அங்கே வாசிக்க அறுபது பக்கம் கிடக்கிறது என்றேன்.

இப்போது மறுபடி ஒரு கட்டைதான் விடுகிறார்கள். நாளை திங்கட்கிழமை முகாமுக்குப் போகிறேன். மூன்று கட்டை கேட்கப் போகிறேன். அதிகாரி புதியவர், கேட்டவுடன் தரமாட்டார். அடுத்த திங்களும் போவேன்.

உன் அக்கா,
மெற்றில்டா
தலைவர், மீனவர் சங்கம்